கோயில் கோயிலாகச் சுற்றிய கலெக்டர்

கோயிலுக்குப் போகிறோம். தேங்காய் உடைக்கிறோம். விபூதி வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். பிராகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறோம். போகும்போதும் வரும்போதும் எத்தனையோ தூண்களைக் கடக்கிறோம். ஒரு தூணில் ஒருத்தி நடனமாடுகிறாள். இன்னொரு தூணில் ஒரு வீரன் வில்லை ஏந்தி நிற்கிறான். அவர்கள் முன்னால் நாம் ஒரு நிமிஷமாவது நின்றதுண்டா?

நின்று பார்த்தவர் ஒருவர் இருந்தார். பார்த்ததோடு அவர் திருப்தி அடையவில்லை. தாம் பார்த்ததைத் தமிழ் மக்கள் அனைவருக்கும் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். சர்க்கார் உத்தியோகத்தில் பெரிய பதவி வகித்தவர். ஆனால் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கோயில் கோயிலாகச் சுற்றினார். வேங்கடமலை முதல் குமரி முனை வரை அவர் சுற்றிய கதையைத் தமிழ்நாடே படித்து மகிழ்ந்தது.

அவர்தாம் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான்.

பொருநைக் கரைப் பிள்ளை

தொண்டைமான் 1904-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி அந்த ஊரின் தாய். பழைய தமிழில் அதற்குப் பொருநை என்று பெயர். ஆற்றின் இரு கரையிலும் வயல். வயலுக்கு நடுவே ஊர். ஊருக்கு ஊர் கோயில். இப்படிப்பட்ட சீமையில் பிறந்த பிள்ளைக்குக் கோயில் என்பது வீட்டின் இன்னொரு கூடம் மாதிரி.

திருநெல்வேலியின் நடுவே நெல்லையப்பர் கோயில் இருக்கிறது. சுவாமிக்கு ஒரு கோயில். காந்திமதி அம்மைக்கு ஒரு கோயில். இரண்டையும் சங்கிலி மண்டபம் சேர்த்து வைக்கிறது. தட்டினால் இசை எழுப்பும் கல்தூண்கள் அங்கே உண்டு. நடராஜப் பெருமான் ஆடிய ஐந்து சபைகள் என்று சொல்வார்கள் அல்லவா? சிதம்பரத்தில் பொன் சபை, மதுரையில் வெள்ளி சபை, திருவாலங்காட்டில் ரத்தின சபை. மீதி இரண்டும் நெல்லைச் சீமைக்கு உரியவை. தாமிர சபை நெல்லையப்பர் கோயிலில் இருக்கிறது. சித்திர சபை குற்றாலத்தில் இருக்கிறது.

தொண்டைமான் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்தார். படிக்கும் காலத்திலேயே தமிழ் அவரைப் பிடித்துக்கொண்டது. சொல்லின் செல்வர் என்று புகழ்பெற்ற ரா.பி. சேதுப்பிள்ளையின் தமிழில் ஈடுபட்டார். கம்பராமாயணத்தில் ஆழ்ந்தார். மாணவராக இருந்தபோதே பத்திரிகைக்குக் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார்.

எழுத்து அந்தக் குடும்பத்துக்கே வாய்த்திருந்தது. அவருடைய தம்பி சிதம்பர ரகுநாதன், நெசவாளர் வாழ்க்கையைச் சொல்லும் பஞ்சும் பசியும் என்ற நாவலை எழுதிப் பேர்பெற்றவர். அண்ணன் சிற்பத்தையும் தெய்வத்தையும் பற்றி எழுதினார். தம்பி தறியையும் தொழிலாளியையும் பற்றி எழுதினார். வழி இரண்டு, தமிழ் ஒன்று.

ரசிக்கக் கற்ற வட்டத்தொட்டி

திருநெல்வேலியை அடுத்த வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீடு இருந்தது. அந்த வீட்டில் வட்ட வடிவமான தொட்டிக்கட்டு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் அங்கே கூடுவார்கள். வக்கீல் வருவார், ஆசிரியர் வருவார், உத்தியோகஸ்தர் வருவார். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். ரசிகமணி அதைப் பாடுவார், விளக்குவார், மறுபடியும் பாடுவார். நேரம் போவதே தெரியாது. இந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்றே பெயர் வந்துவிட்டது.

பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது. ஆனால் வட்டத்தொட்டி ஒரு பெரிய பள்ளிக்கூடம். அழகான பொருளைக் கண்டால் அவசரப்படாமல் நிற்க வேண்டும். அதை அனுபவிக்க வேண்டும். அனுபவித்ததைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அங்கே கற்றுக் கொடுத்தது இதுதான். ரசிகமணி பாட்டை ரசித்த முறையிலே தொண்டைமான் சிலையை ரசிக்கக் கற்றார். பிற்காலத்தில் தம் குருநாதரின் வாழ்க்கையை ஒரு புத்தகமாகவும் எழுதினார்.

ரசிகமணி பிறகு குற்றாலத்தில் போய்த் தங்கினார். ராஜாஜியும் கல்கியும் அந்த வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்தார்கள். காலையில் அருவிக் குளியல், பிறகு சாப்பாடு, அப்புறம் கம்பன். 1954-ல் ரசிகமணி மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் கல்கியும் மறைந்தார். ஆனால் அவர்கள் ஏற்றிய விளக்கு தொண்டைமான் கையில் எரிந்துகொண்டிருந்தது.

உத்தியோகமும் ஊர் சுற்றலும்

தொண்டைமான் வருவாய்த் துறையில் சேர்ந்தார். கீழ்ப்படியில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறினார். முடிவில் கலெக்டர் பதவி வரை உயர்ந்தார்.

வருவாய்த் துறை உத்தியோகம் ஒரே இடத்தில் உட்காரவிடாது. இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். ஏரி உடைந்தாலும் போக வேண்டும்; வரி பாக்கி என்றாலும் போக வேண்டும்; எல்லைத் தகராறு என்றாலும் போக வேண்டும். அடிக்கடி மாற்றல் வேறு. பலருக்கு இது பெரிய தொல்லை. தொண்டைமானுக்கோ இதுவே வரப்பிரசாதமாக அமைந்தது. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு கோயில் இருக்கும். கணக்குப் புத்தகத்தைப் பார்த்து முடித்ததும் கோயிலைப் பார்க்கலாம் அல்லவா?

பெரிய கோயிலை மட்டும் அவர் தேடவில்லை. முள் மண்டிய சிறு கோயிலையும் தேடிப் போனார். கல்வெட்டைப் படித்தார். ஊரில் வழங்கும் கதையைக் காது கொடுத்துக் கேட்டார். தேவாரமோ திருவாய்மொழியோ அந்த ஊரைப் பாடியிருந்தால் அதையும் நினைவில் சேர்த்துக்கொண்டார். கல்லும் சொல்லும் கதையும் இப்படி அவரிடத்தில் ஒன்றுசேர்ந்தன.

பிரம்மாவுக்கு வந்த ஆபத்து

தஞ்சாவூரில் வேலை பார்த்தபோது அவருக்கு ஒரு சோதனை வந்தது. அவருடைய ரசிகத்தன்மை வெறும் பேச்சா, செயலா என்று காட்டும் சோதனை அது.

தஞ்சையை ஒட்டியிருக்கிறது கருந்திட்டைக்குடி. கரந்தை என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அங்கே பிரம்மாவின் கற்சிலை ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. சோழர் காலத்துச் சிற்பியின் அருமையான வேலைப்பாடு. ஆனால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் காய்ந்தது, மழை நனைத்தது.

கல்கத்தாவிலிருந்து வந்த கலை அன்பர் ஒருவர் அதைக் கண்டார். அதன் அருமையை அறிந்தார். கல்கத்தாப் பொருட்காட்சிசாலைக்கு அதை எடுத்துக்கொண்டு போக ஏற்பாடு நடந்தது. அப்போதுதான் கரந்தை மக்கள் விழித்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்ச் சாமியை வெளியூருக்கு அனுப்ப மாட்டோம் என்று எதிர்த்து நின்றார்கள்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. சிலையை இருந்த இடத்திலேயே விட்டால் அது மேலும் பாழாகும். கல்கத்தாவுக்கு அனுப்பினால் பத்திரமாக இருக்கும். ஆனால் தஞ்சாவூர்ச் சிற்பி செய்ததைத் தஞ்சாவூர்க் குழந்தை பார்க்க முடியாது. என்ன செய்வது?

தொண்டைமான் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார். தஞ்சாவூர் அரண்மனையில் பெரிய பெரிய கூடங்கள் இருக்கின்றன. நாயக்க மன்னர்களும் மராட்டிய மன்னர்களும் வாழ்ந்த அரண்மனை. அங்கே சிலையைக் கொண்டுவந்து வைத்தால் என்ன? அது பத்திரமாகவும் இருக்கும். சொந்த மண்ணிலும் இருக்கும். இந்த யோசனை எல்லோருக்கும் பிடித்தது. பிரம்மா அரண்மனைக்கு வந்து சேர்ந்தார்.

ஒரு சிலைக்கு வழி பிறந்ததும் மற்றச் சிலைகளின் நினைவு வந்தது. பின்னமான சிலையைப் பூஜையில் வைக்கக் கூடாது என்பது நம்மவர் வழக்கம். கை ஒடிந்தாலோ, மூக்குச் சிதைந்தாலோ குளக்கரையிலோ மரத்தடியிலோ கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அப்படிக் கிடந்த சிலைகள் தஞ்சை ஜில்லாவில் ஏராளம். அவற்றைத் தேடி எடுத்துச் சேர்க்கும் வேலை தொடங்கியது. ஊராரைச் சம்மதிக்கச் செய்வது ஒரு வேலை. கனத்த கல்லைச் சேதமில்லாமல் வண்டியில் ஏற்றுவது இன்னொரு வேலை.

இவ்விதமாக 1951-ஆம் ஆண்டு தஞ்சாவூர்க் கலைக்கூடம் பிறந்தது. இன்றும் அரண்மனைக்குள் நுழைந்தால் அதைக் காணலாம். தாராசுரத்துச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரும் அங்கேதான் நிற்கிறார். ராஜராஜ சோழன் காலத்தில், 1011-ஆம் ஆண்டையொட்டி வார்க்கப்பட்ட வெண்கலச் சிலை அது. தலையிலே பாம்புத் தலைப்பாகை. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் மாற்றி, காளையின் மேல் கை போட்டு நிற்கும் பாவனை. காளை அங்கே இல்லை. ஆனாலும் அந்தக் கையைப் பார்த்தால் காளை நிற்பதாகவே தோன்றும்!

ஜப்பானில் ஒரு வழக்கம்

ஜப்பான் தேசத்துக்குப் போனவர்கள் ஒரு காட்சியைக் கண்டு வியப்பார்கள். நாரா, கியோட்டோ என்ற பழைய தலைநகரங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஆசிரியர்கள் அவர்களைக் கோயில் கோயிலாக அழைத்துப் போய்க் காட்டுவார்கள். நாராவிலே எட்டாம் நூற்றாண்டில் வார்த்த பிரம்மாண்டமான வெண்கலப் புத்தர் இருக்கிறார். அவரைப் பார்க்காமல் அந்தப் பிள்ளைகளின் படிப்பு முடிவதில்லை என்று சொல்லலாம். பழைய கோயில்களைக் காப்பாற்ற ஜப்பானியர் 1897-லேயே ஒரு சட்டம் செய்துவிட்டார்கள்.

இந்தியாவிலும் பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் 1904-ல் வந்தது. தொண்டைமான் பிறந்த ஆண்டும் அதுவே. ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? கரந்தைப் பிரம்மா வெயிலில் கிடந்தபோதும் சட்டம் இருக்கத்தானே செய்தது? மக்களுக்குக் கண் திறந்தால்தான் சிலைக்குக் காவல் கிடைக்கும். இதை நன்றாக உணர்ந்தவர் தொண்டைமான். ஆகவே சிலைகளைச் சேர்த்ததோடு அவர் நிற்கவில்லை. பேனாவைக் கையில் எடுத்தார்.

வேங்கடம் முதல் குமரி வரை

தமிழ்நாட்டின் எல்லை வடக்கே வேங்கடம், தெற்கே குமரி என்று பழைய நூல்கள் சொல்லும். அந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் உள்ள கோயில்களை வரிசையாகக் காட்டுவது என்று தொண்டைமான் தீர்மானித்தார். கல்கி பத்திரிகையில் வேங்கடம் முதல் குமரி வரை என்ற தொடர் வெளிவந்தது.

அதற்கு முன்பும் கோயில்களைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. சில, புராணத்தை மட்டும் சொல்லும். சில, கல்வெட்டை மட்டும் சொல்லும். புராணப் புத்தகத்தைப் படித்த பாட்டிக்குக் கல்வெட்டு தெரியாது. கல்வெட்டைப் படித்த பேராசிரியர் பாட்டியோடு பேசுவது கிடையாது. தொண்டைமான் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றினார்.

அவருடைய கட்டுரை பெரும்பாலும் ஒரு குட்டிக் கதையோடு ஆரம்பிக்கும். சில சமயம் அது வேடிக்கையாகவும் இருக்கும். பிறகு வழி சொல்வார். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், எத்தனை மைல் போக வேண்டும், வழியில் ஆறு குறுக்கிடுமா என்றெல்லாம் விவரம் வரும். அதன்பின் வாசகரைக் கைப்பிடித்துக் கோபுர வாசலுக்குள் அழைத்துப் போவார். எந்தத் தூணைப் பார்க்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவார். சுவாமி தரிசனம் செய்து வைப்பார். ஆழ்வாரோ நாயன்மாரோ பாடியதை நினைவூட்டுவார். எந்த அரசன் நிலம் விட்டான் என்பதையும் கடைசியில் சொல்லிவிடுவார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தவர்களும் அந்த ஊருக்குப் போய்வந்த திருப்தியை அடைந்தார்கள். பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டே விட்டார்கள்.

1959-ல் தொண்டைமான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். பொருநைக் கரைக்கே திரும்பினார். அவருடைய கோயில் கட்டுரைகள் புத்தகங்களாக வெளிவந்தன. வேங்கடத்துக்கு வடக்கே உள்ள தலங்களையும் அவர் விடவில்லை. அவற்றைப் பற்றி வேங்கடத்துக்கு அப்பால் என்ற நூல் எழுதினார்.

பொருநைத் துறையிலே

பல ஆறுகளின் கரைகளைச் சுற்றிய அந்தப் பிரயாணம் கடைசியில் தாமிரபரணிக்கு வந்து சேர்ந்தது. பாண்டி நாட்டின் தென்கோடியைச் சொல்லும் பகுதிக்குப் பொருநைத் துறையிலே என்று அவர் பெயர் வைத்தார். ஊர் ஊராகச் சுற்றியவர் தம் தாய் வீட்டுக்கு வந்துவிட்டார்.

தாய் வீட்டில் காட்டுவதற்குப் பொருளா இல்லை? மேற்கே பாபநாசத்தில் மலை விட்டு இறங்கும் ஆற்றங்கரையிலே சிவன் கோயில் இருக்கிறது. குற்றாலத்தில் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் வீசும். பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, மேலே செண்பகாதேவி, அதற்கும் மேலே தேனருவி. அருவியில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு திரும்பிவிடுகிறவர்கள் பலர். சித்திர சபைச் சுவர்களில் உள்ள ஓவியங்களைப் போய்ப் பார்க்கிறவர்கள் சிலரே.

பாளையங்கோட்டையைத் தாண்டித் திருச்செந்தூர் சாலையில் போனால் கிருஷ்ணாபுரம் வரும். வேங்கடாசலபதி கோயில். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. அரசகுமாரியைத் தோளிலே தூக்கிக்கொண்டு ஓடுகிறான் ஒரு குறவன். அரசகுமாரனைத் தோளிலே தூக்கிக்கொண்டு போகிறாள் ஒரு குறத்தி! கர்ணன் நிற்கிறான். அர்ச்சுனன் நிற்கிறான். அன்னத்தின் மேல் ரதி வீற்றிருக்கிறாள். விரல் நகமும் கழுத்து மணியும் கல்லிலே செதுக்கியவை என்று நம்புவது கஷ்டம்.

இன்னும் கிழக்கே போனால் ஆற்றின் இரு கரையிலும் நவதிருப்பதிகள். ஸ்ரீவைகுண்டத்தில் பெருமாள் நின்ற கோலம். திருப்புளிங்குடியில் சயனக் கோலம். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் புளியமரம். இவற்றையெல்லாம் வணங்கிவிட்டுத் திருச்செந்தூருக்குப் போனால் கடல் அலை வந்து முருகன் கோயில் மதிலருகே மோதும்.

தொண்டைமான் காலத்தில் இவை எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. 1986-ல் தூத்துக்குடிப் பகுதி தனி மாவட்டம் ஆயிற்று. 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. குற்றாலம் இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. திருச்செந்தூரும் நவதிருப்பதிகளும் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கின்றன. எல்லைக் கோடுகள் மாறின. ஆறு மாறவில்லை.

அவர் விட்டுச்சென்றது

ஓய்வு பெற்ற பிறகு தொண்டைமானுக்குக் கிடைத்தவை ஆறே ஆண்டுகள். 1965-ஆம் ஆண்டு அவர் காலமானார். அப்போது வயது அறுபது. பொருநைக் கரையில் பிறந்த பிள்ளை, பொருநையின் பெயரைச் சூட்டிய புத்தகத்தையும் நாட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. இன்று அவற்றை யாரும் எடுத்துப் படிக்கலாம். அவர் சொன்ன ரயில் நேரங்கள் பழையனவாகிவிட்டன. மண் சாலைகள் தார்ச் சாலைகள் ஆகிவிட்டன. ஆனால் அவர் நிற்கச் சொன்ன தூண்கள் அதே இடத்தில் நிற்கின்றன.

கலெக்டர்கள் பலர் வருகிறார்கள், போகிறார்கள். அவர்கள் கையெழுத்திட்ட தாள்கள் ஆபீஸ் அலமாரியில் தூங்குகின்றன. தொண்டைமானின் பெயர் அப்படி மறையவில்லை. தஞ்சாவூர் அரண்மனையில், வெயிலும் மழையும் படாத கூடத்திலே, கரந்தைப் பிரம்மா இருக்கிறார். நாலு திசையிலும் முகம் உள்ள அந்தச் சாமி, தம்மைப் பார்க்க வரும் குழந்தைகளைத் தாமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது தேங்காயை உடைத்த பிறகு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தூணின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும். தொண்டைமானுக்கு அதைவிடச் சிறந்த மாலை மரியாதை வேறு கிடையாது.